சுண்ணாம்பைச் சுமக்கும் கடல்

கத்தாழை மீனின் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சவைத்துக்கொண்டிருக்கும்போதே பல்லில் ‘கடுக்’கென்று ஒன்று இடறும். எடுத்துப் பார்த்தால் பால் வெள்ளையாக ஒரு சின்னக் கல். முள்ளோடு முள்ளாக அதை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போய்விடுகிறோம். அந்தக் கல் மீனின் காதுக்குள் இருந்தது. இருண்ட நீரில் மேல் எது கீழ் எது என்று மீனுக்குச் சொன்னது அதுதான். குஞ்சாக இருந்த நாளிலிருந்து நாளுக்கொரு படலமாக, வெங்காயத் தோலைவிடப் பன்மடங்கு மெல்லியதாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து வளர்ந்த கல். குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அந்த மீனின் வயதை எண்ணிவிடலாம். ஒரு வாழ்நாள் நாட்குறிப்பு முழுவதும் சுண்ணாம்பில் எழுதப்பட்டிருக்கிறது. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடந்த சுண்ணாம்பு அது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் கடைகளில் சங்கும் சோழியும் சரம் சரமாகத் தொங்குகின்றன. விலை கேட்கிறோம், பேரம் பேசுகிறோம், மணலில் இறங்கினால் சிப்பிகளை நொறுக்கிக்கொண்டு நடக்கிறோம். இத்தனை வீடுகளைக் கட்டிக்கொடுத்த நீர் தெளிவாகவே இருக்கிறதே, இவ்வளவு சுண்ணாம்பும் அதில் எங்கே இருந்தது என்று ஒரு நாளும் நமக்குத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. தோன்றவைத்தது செங்கல்பட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கும் 300 லிட்டர் கண்ணாடித் தொட்டி.

தொட்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், என் நண்பர். அதில் பவளம் கிடையாது. கல்போல் வளரும் பவள இனங்கள் எல்லாவற்றையும் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்து வருவது குற்றம். வாத்தியார் அந்த வழிக்கே போகவில்லை. பண்ணையில் பொரித்து வளர்த்த இரண்டு கோமாளி மீன்கள், நத்தைகள், குழாய்க்குள் குடியிருக்கும் புழுக்கள், பாறைமேல் இளஞ்சிவப்புப் பூச்சுப்போலப் படரும் சுண்ணப்பாசி, இவ்வளவுதான் அவருடைய கடல். ஆனால் இவை அத்தனையும் நீரிலிருந்து சுண்ணாம்பைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. குடித்ததை யாராவது திருப்பி ஊற்ற வேண்டும். கடலில் அதைச் செய்கிறவரை நாம் கண்டதில்லை. இங்கே அது வாத்தியாரின் வேலை.

இரவு உணவு முடிந்ததும் சோதனை நடக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டி நீர். முதல் சொட்டு விட்டவுடன் நீர் நீலமாகிவிடும். பிறகு ஒவ்வொரு சொட்டாக விட்டு, குலுக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மூன்று, நான்கு, ஐந்து என்று வாய் முணுமுணுக்கும். எட்டாவது சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அன்றைய காரத்தன்மை 8. இதை ‘கே.ஹெச்.’ என்கிறார்கள், அதாவது அமிலம் வந்தால் தாங்கிக்கொள்ள நீரில் எவ்வளவு பைகார்பனேட் கையிருப்பு இருக்கிறது என்கிற கணக்கு. நல்ல கடல்நீரில் அது ஏறத்தாழ 6.5. தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூட்டியே, 7-க்கும் 9-க்கும் நடுவே வைத்துக்கொள்வார்கள். கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம் சுமார். மக்னீசியம் 1,280-ஐ ஒட்டி. நீள நோட்டில் கட்டம் போட்டுத் தேதி, எண், கடைசிக் கட்டத்தில் ‘சேர்க்க வேண்டியது’ என்று எழுதி வைப்பார். எட்டு வருட நோட்டுகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன.

ஓர் உயிர் ஓடு கட்ட இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று கால்சியம், மற்றொன்று அந்தப் பைகார்பனேட். இரண்டும் இணைந்தால் சுண்ணாம்புக் கல், கூடவே கொஞ்சம் கரியமில வாயு வெளியேறும். இதில் பிசகாத ஒரு விகிதம் இருக்கிறது. காரத்தன்மை ஒன்று குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 7 மில்லிகிராம் குறைந்திருக்கும். நத்தை கட்டினாலும் பாசி கட்டினாலும், மாமல்லபுரத்துச் சங்கு கட்டினாலும் இதே கணக்குதான்.

“கால்சியம் இருக்கே, அது பெரிய பணக்காரன் சார். நானூத்துப் பத்துல ஏழு போனா அவனுக்கு வலிக்காது. கே.ஹெச். அன்றாடங்காய்ச்சி. எட்டுல ஒண்ணு போனா அன்னைக்குச் சோறு இல்லை” என்றார் வாத்தியார். அதனால்தான் ஏழையைத் தினமும் விசாரிக்கிறார், பணக்காரனை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்.

குறைந்ததை ஈடுகட்ட அவர் ஊற்றுவது என்ன தெரியுமா? ஜெர்மானியர்கள் ‘கால்க்வாசர்’ என்று பெயர் வைத்து உலகத் தொட்டிக்காரர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மருந்து. மூடிய வாளியிலிருந்து மெல்லிய குழாய் வழியே தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டியவர், வாளி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுக்கா இங்கிலீசுல பேரு வெச்சிருக்கே? சுண்ணாம்புத் தெளிவுடா இது. உனக்குக் கை வெந்துபோனப்ப தேங்காயெண்ணெயில குழைச்சுப் போட்டேனே.”

அதேதான். வெற்றிலையின் முதுகில் விரலால் தடவுகிற அதே பொருள், கலப்படமில்லாத தூளாக. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், மீதி அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவில் கால்சியமும் காரமும் ஓடு கட்டுகிற அதே விகிதத்தில் இருக்கின்றன. நத்தை எந்தக் கணக்கில் செலவழித்ததோ, அந்தக் கணக்கிலேயே சுண்ணாம்புத் தெளிவு வரவு வைக்கிறது. நாம் பள்ளியில் ஒரு குழாய் வழியாக மூச்சை ஊதி, சுண்ணாம்பு நீர் பால்போல மாறுவதைப் பார்த்தோமே, அன்று நம் மூச்சிலிருந்து வந்த கரியமில வாயு அந்த நீரில் ஓட்டின் பொருளாக மாறிக்கொண்டிருந்தது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு மறந்துவிட்டோம்.

இந்தத் தெளிவு கடுங்காரம். ஒரேயடியாகப் போகக்கூடாது, இரவில் சொட்டுச் சொட்டாகத்தான் போக வேண்டும். வெளிச்சம் அணைந்ததும் பாசி கரியமில வாயுவை உண்பதை நிறுத்திவிடும், நீர் சற்று அமிலப் பக்கம் சாயும், அந்தச் சாய்வை இந்தக் காரம் தாங்கிப் பிடிக்கும். ஒரு நாள் வாத்தியார் திருகுக் குழாயைச் சரியாக மூடாமல் தூங்கிப்போனார். 10 லிட்டரும் இறங்கிவிட்டது. காலையில் தொட்டி கஞ்சித் தண்ணீராக நின்றது. நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டு கீழே விழுந்து கிடந்தன. கோமாளி மீன் ஒன்று மிதந்தது. வெள்ளைத் துகள் எல்லாவற்றின்மேலும், சூடேற்றியிலும் மோட்டாரிலும், பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் உப்புத் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் உட்புறத்தில் படியுமே, அதே பொருக்கு. பாதி நீரை மாற்றி, ஒரு வாரம் திட்டு வாங்கி, அவர் அந்தக் கடலை மீட்டார்.

அவர் வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் என்னை இந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. 300 லிட்டரில் கரைந்திருக்கும் கால்சியம் மொத்தம் ஏறத்தாழ 120 கிராம். பைகார்பனேட் அதில் பாதிகூட இருக்காது. இரண்டு கைப்பிடிச் சரக்கை நேராக வைத்திருக்க, படித்த ஒரு மனிதர் எட்டு வருடம் இரவுதோறும் சொட்டு எண்ணுகிறார், ஒரே ஒரு தூக்கத்தில் கைவிட்டுப் போகிறது. நூற்று முப்பது கோடிக் கன கிலோமீட்டர் நீரைத் தாங்கி நிற்கிறதே கடல், அங்கே சொட்டு எண்ணுவது யார்?

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வெப்பமண்டலக் கடல்களின் மேல்நீர் சும்மா நிறைந்திருக்கவில்லை, அளவை மீறி நிறைந்திருக்கிறது. வேதியியல் கணக்குப்படி சுண்ணாம்பு வெளியே விழத் தொடங்கும் எல்லையைப்போல மூன்று நான்கு மடங்கு தாண்டி நிற்கிறது. நியாயமாகப் பார்த்தால் வாத்தியாரின் தொட்டி அன்று காலை வெளுத்ததுபோல இந்தக் கடல் என்றைக்கோ வெளுத்து, அடியில் கல்லாக உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை. விளிம்பு தளும்ப நிற்கும் பால்குடத்தைச் சிந்தாமல் சுமந்துகொண்டு அசைகிறது, அலையடிக்கிறது, புயலில் புரள்கிறது. தடுத்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் மக்னீசியம். சுண்ணாம்புப் படிகம் ஒன்று பிறக்க முயலும்போது அதன் முகத்தில் மக்னீசியம் வந்து உட்கார்ந்து இடத்தை மறித்துவிடுகிறது, அடுத்த அடுக்குக்கு வழியில்லை. பூட்டு போட்டாயிற்று. அந்தப் பூட்டைத் திறக்க உயிருக்கு மட்டும் தெரிகிறது. மூளை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத சிப்பி, தன் உடம்புக்கும் ஓட்டுக்கும் இடையே கடல் புகாத ஓர் இடுக்கை அடைத்துக்கொண்டு, அங்கிருந்து அமிலத்தை வெளியேற்றி, கால்சியத்தை உள்ளே வாங்கி, அரை மைக்ரான் கனத்தில் ஓடு ஓடாக அடுக்குகிறது. அந்த அடுக்குகளுக்கிடையில் ஒளி மாட்டிக்கொண்டு சிதறுவதைத்தான் நாம் முத்துச்சிப்பியின் வானவில் என்று வியக்கிறோம்.

சரக்கு எங்கிருந்து வருகிறது? பல்லாவரத்து மலைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருப்பது இந்தப் பக்கத்துக் கல்தான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னாக்கின் பெயராலேயே ‘சார்னோகைட்’ என்று அழைத்தார். அந்தக் கல்லுக்குள் கால்சியம் இருக்கிறது. மழைத்துளி வானிலிருந்து இறங்கும்போதே காற்றின் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, சோடாவைவிட எவ்வளவோ மென்மையான ஓர் அமிலமாகி, பாறையைத் தொடுகிறது. தொட்டுத் தொட்டு, யுகக்கணக்கில், பாறையிலிருந்து கால்சியத்தையும் தன்னிடமிருந்து பைகார்பனேட்டையும் சேர்த்து ஓடைக்கு அனுப்புகிறது. வாத்தியாரின் வாளியில் இருந்த இரண்டு சரக்கும் இதோ, ஒரே மழையில். நந்தி மலையில் பிறந்து 340 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலைச் சேரும் பாலாறு, தண்ணீர் ஓடுகிற வருடங்களில் இதைத்தான் சுமந்து வருகிறது. ஓடுவதே செய்தியாகிவிட்ட ஆறு என்பது வேறு வருத்தம். 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம், கலங்கிய வெள்ளத்தில் கரைந்த மலை ஒன்று போய்க்கொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் நடுப்பிளவின் வழியே கங்கை இறங்குவதாகச் சிலர் சொல்கிறார்கள், அர்ச்சுனன் தபசு என்பார்கள் சிலர். மழை நாளில் அந்தப் பிளவில் நீர் வழிவதைப் பார்த்தால் எனக்கு எந்தக் கட்சியும் வேண்டியிருக்கவில்லை. பாறைமேல் நீர் இறங்கிக் கடலுக்குப் போகிறது. பல்லவச் சிற்பி உளியால் கொத்திய அந்தக் கல்லை மழையும் ஏழாம் நூற்றாண்டிலிருந்து கொத்திக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை கடலை அடைந்த கால்சியம் அங்கே தங்கும் காலம் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள். அதற்குள் எத்தனை வீடு மாறும்! கணவாயின் முதுகுக்குள் வெண்பலகையாகும், அதைத்தான் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கட்டித் தருகிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வரிசையாக இருக்கும் பொரிப்பகங்களில் இறால் குஞ்சின் மேல்தோலை இறுக்கும். இறால் சட்டையை உரித்துப்போட்ட இரவில் அது நீரிலிருந்தே கால்சியத்தை உறிஞ்சித் தோலைக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும், அதுவரை அதற்குப் பாதுகாப்பில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நிறைய இறால் தோல் உரிக்கும் என்று குளத்துக்காரர்கள் முன்கூட்டியே மினரல் போட்டு வைப்பார்கள்.

கல்பாக்கத்தில் கதை தலைகீழ். 1980-களிலிருந்து ஓடும் அணுமின் நிலையத்துக்குக் குளிர்நீர் கடலடிச் சுரங்கம் வழியாக வருகிறது. அதன் சுவரில் கொட்டலசும் பச்சைச் சிப்பியும் அடர்ந்து ஒட்டி வீடு கட்டிக்கொள்ள, அவற்றை விரட்டக் குளோரின் விட வேண்டியிருக்கிறது, அதற்கென்றே பல காலமாக ஆராய்ச்சி நடக்கிறது. வாத்தியார் ஒரு விரற்கடைப் பாசிக்காக எட்டு வருடமாகக் கண் விழிக்கிறார், அங்கே பொறியாளர்கள் வளராதே வளராதே என்கிறார்கள். கடல் இரண்டு பேர் பேச்சையும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாமும் கடலின் சுண்ணாம்புப் பெட்டகத்தில் கைவைத்தவர்கள்தான். சிப்பியைச் சூளையில் சுட்டுத்தான் சென்னைச் சுண்ணம் என்ற சுவர்ப்பூச்சு வந்தது. சலவைக்கல்லோ என்று வெள்ளைக்காரர் தடவிப் பார்த்த பளபளப்பு அது. சிப்பி ஓடு ஒருவகையில் விட்டுப்போன வீடு, எடுத்தால் பெரிய பாவமில்லை. மன்னார் வளைகுடாவில் நடந்தது வேறு. பல பத்தாண்டுகள் பவளப் பாறைகளையே வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தார்கள். அலையைத் தடுத்த சுவர் போனது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் அமிழ்ந்தன. நம் மாமல்லபுரக் கரையில், ஆற்றுச் சேறும் மழைக்கால நன்னீரும் கலக்கும் இடத்தில், பவளத் திட்டுகள் வளர்வதில்லை. வளர்ந்திருந்தால் நாம் மட்டும் விட்டுவைத்திருப்போமா என்று யோசித்தேன்.

போன பொங்கலுக்கு வாத்தியார் வீட்டில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர். கூடத்திலேயே படுக்கை, ஏசி ஓடியது, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மறுநாள் காலை தொட்டியின் பி.ஹெச். 8.1-லிருந்து 7.8-க்கு வந்திருந்தது. நீரில் யாரும் எதையும் போடவில்லை. தூங்கினார்கள், மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு முழுவதும் கூடத்தில் தேங்கி, மெல்ல நீருக்குள் இறங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்ததும் சாயங்காலத்துக்குள் எண் பழையபடி ஏறியது.

நாம் எல்லோரும் படுத்திருக்கும் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஆலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் விடும் புகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாய் பேசாமல் வாங்கிக்கொள்கிறது. அதன் பி.ஹெச். 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. அற்பமாகத் தோன்றும் அந்த ஒரு புள்ளிக்குள் அமிலம் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது, சிப்பிக்கு ஓடு கட்டும் கூலி ஏறியிருக்கிறது. கடலிடம் மருந்து இல்லாமல் இல்லை. சில கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருந்து மழைபோல உதிர்ந்த நுண்ணுயிர் ஓடுகள் வெண்சேறாகப் படிந்திருக்கின்றன. நீர் அமிலமாகும்போது அவை கரைந்து, தாம் வாங்கிய காரத்தைத் திருப்பிக் கொடுக்கும். கடலின் சுண்ணாம்புத் தெளிவு அது. ஆனால் அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், ஒரு சுற்று முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நம் அவசரம் அதற்குத் தெரியாது.

மார்கழி மழை விட்ட ஒரு மாலையில் வாத்தியாரும் நானும் மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில் கோபுரம் ஈரத்தில் கறுத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் நின்று ஒரு பாட்டிலில் நீர் எடுத்தார். உப்பளக்கும் கருவியில் 28 காட்டியது. வழக்கமான நாளில் 34-ஐ ஒட்டி இருக்கும், ஆறுகளும் வடகிழக்குப் பருவமழையும் கடலை அவ்வளவு நீர்த்துப்போகச் செய்திருந்தன. “இப்ப வேடிக்கையைப் பாருங்க சார்” என்றார். உப்பு குறைந்தால் எல்லாம் சேர்ந்தே குறையும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். ‘சேலஞ்சர்’ கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி அள்ளி வந்த நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் சோதித்து, எந்தக் கடலிலும் முக்கிய உப்புகளின் விகிதம் ஒன்றே என்று 1884-இல் உறுதிப்படுத்தினார். வாத்தியார் அதைப் பாடமாக நடத்தியிருக்கிறார். கையில் பிடித்துப் பார்த்தது இப்போதுதானாம்.

மணலில் உட்கார்ந்து, துண்டால் காற்றை மறைத்துக்கொண்டு, குழாயில் 5 மில்லி ஊற்றினார். நீலம். இரண்டு, மூன்று, நான்கு. அலை ஒன்று வந்து எங்கள் செருப்பை நகர்த்திவிட்டுப் போனது. ஐந்து, இன்னும் நீலம்தான். ஆறாவது சொட்டில் மஞ்சள்.

குழாயை அலையிலேயே அலசிப் பைக்குள் வைத்தார். பழக்கதோஷத்தில் நீள நோட்டையும் எடுத்து வந்திருந்தார். தேதி போட்டு 6 என்று எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. ‘சேர்க்க வேண்டியது’ என்ற இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு நோட்டை மூடினார்.